சுவரோடு சுவராக ஒரு கண்ணாடி: ஏழு ஞாயிற்றுக்கிழமை வேலை

ஊரிகம்:

கண்ணாடி மாட்டுவது ஒரு பெரிய வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. ஓர் ஆணி, ஒரு துண்டுக் கயிறு இருந்தால் போதும் என்பார்கள். ஆனால் டைல்ஸ் பதித்த குளியல் அறைச் சுவரில், மூன்று அடிக்கு மூன்று அடிக் கண்ணாடியை, டைல்சுக்கு வெளியே துருத்தாமலும் உள்ளே பள்ளமாகாமலும், கையால் தடவினால் எங்கும் தடுக்காதபடி பதிப்பது வேறு கதை. அந்த வேலை ஒரு வீட்டில் ஒரு முறை கெட்டு, இரண்டாம் முறை சரியானதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். புது வீடு கட்டுகிறவர்களும், பெங்களூரில் டைல்ஸ் வேலைக்குப் போகும் நம் இளைஞர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது அதில் நிறைய இருக்கிறது.

வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்தில் பாறைக்கு மரம் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28ந் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது வெளியே வந்தவர்களில் ஒருவர். அவருடைய தகப்பனார் காலத்தில் அந்தக் குடும்பம் இருந்தது தட்டி வீட்டில். பிறகு லைன் வீடு. குளியல் அறை என்று தனியாக எதுவும் கிடையாது. தண்ணீருக்குப் பொதுக் குழாய், மற்றதற்குப் பொதுக் கழிப்பிடம். அவருடைய மனைவி கல்யாணமாகி வந்த நாள் முதல் தலை வாரியது, வாசற்படி நிலையில் மாட்டிய உள்ளங்கை அகலக் கண்ணாடியில்தான். நெற்றி தெரிந்தால் மோவாய் தெரியாது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பணம் அனுப்பி வீட்டைத் திருத்திக் கட்டச் சொன்னார். “அம்மாவுக்கு முழுசாத் தெரியற மாதிரி ஒரு கண்ணாடி வை” என்றும் சொல்லி அனுப்பினார். அந்தக் கண்ணாடிதான் கெட்டது.

முதல் கண்ணாடி

அதைப் பதித்தவர் யார் என்பது இங்கே தேவையில்லை. சுறுசுறுப்பான ஆள்தான். இரண்டே நாளில் வேலையை முடித்துக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. வந்தவர் போனவர் எல்லாரையும் அந்த அம்மாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

நாலு மாதம் ஆயிற்று. ஒரு மழைக்காலம் போயிற்று. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் கறுப்பாக ஒரு கீற்று தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து அந்த அம்மாள் சாம்பல் போட்டுத் தேய்த்தார். போகவில்லை. போகாது. கறை இருந்தது கண்ணாடிக்குப் பின்னால். அடுத்த மாதம் அது கரையான் அரித்ததுபோல் விரல் விரலாக மேலே ஏறியது. பிறகு ஒரு நாள் இரவு, யாரும் தொடாமலேயே, மூலையிலிருந்து குறுக்கே விரிசல் விட்டது. கண்ணாடி உடைந்தால் வீட்டுக்கு ஆகாது என்ற பயம் வேறு. அந்த அம்மாள் குளியல் அறைக்குள் போகும்போது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்புவதை நிறுத்திவிட்டார்.

பெரியவர் தேடிப் பிடித்தது சாம்பியன் ரீஃபைச் சேர்ந்த ஒரு கொத்தனாரை. முப்பது வயதுக்குள் இருக்கும். அவருடைய தாத்தாவும் சுரங்கத் தொழிலாளி. அவர் தினமும் காலை ரயிலில் பெங்களூர் போய் டைல்ஸ் வேலை செய்து இரவு திரும்புகிறவர். மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை போகும் வண்டியில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதை டிக்கெட் கொடுக்கும் எங்களைக் கேட்டால் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் வர முடியும் என்றார். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழியில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்குதான் வேலையைக் காப்பாற்றியது என்பது பிறகு தெரிந்தது.

பின்னால் இருந்தது என்ன?

முதல் ஞாயிறு. உடைந்த கண்ணாடியின் மேல் பெருக்கல் குறிபோல் ஒட்டும் பட்டையை ஒட்டி, கீழே பழைய கம்பளியை விரித்தார். கையுறையும் கண்ணுக்குக் காப்பும் போட்டுக்கொண்டு, ஓரத்துப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, மெல்லிய எஃகுக் கம்பியின் இரு முனையையும் பிடித்துக் கண்ணாடிக்குப் பின்னால் ரம்பம் இழுப்பதுபோல் இழுத்து அறுத்தார். மூன்று துண்டாக வந்தது. மேல் துண்டு பெரியது, கறை படாதது. அதைத் தனியாக எடுத்து வைத்தார்.

சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று ஈரம். கொத்தனார் பசையைக் கிள்ளி மோந்து பார்க்கச் சொன்னார். அத்தனை மாதம் கழித்தும் நடுப்பகுதியில் அது காயாமல் பிசுபிசுத்தது. லேசாகக் காடி வாசனை அடித்தது.

“தாத்தா, இங்க நாலு தப்பு நடந்திருக்கு” என்று விரல் மடக்கினார் கொத்தனார். ஈரச் சுவரில் ஒட்டியது. காடி வாசனை வரும் சிலிக்கான் பசையை வைத்தது, அதையும் பின்பக்கம் முழுக்க அப்பியது. கண்ணாடிக்கும் டைல்சுக்கும் நடுவே வெள்ளைச் சிமெண்டை இறுக்கி அடைத்தது. கடைசியாக, கண்ணாடி வைத்த பிறகு ஆசிட் ஊற்றி டைல்ஸ் கழுவியது.

இவை ஏன் தப்பு என்று தெரிய வேண்டுமானால் கண்ணாடியின் முதுகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ரசம்

ரசம் போன கண்ணாடி என்று சொல்கிறோம். ரசம் என்றால் பாதரசம். பழைய காலத்தில் வெள்ளீயத் தகட்டில் பாதரசத்தைக் கலந்துதான் கண்ணாடிக்கு முதுகு பூசினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்து நடுக்கம் கண்டு படுத்த தொழிலாளிகள் ஐரோப்பாவில் ஏராளம். 1835ல் ஜெர்மன் ரசாயன அறிஞர் லீபிக், பாதரசம் இல்லாமல், வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து சுத்த வெள்ளியைக் கண்ணாடியில் படிய வைக்கும் முறையைக் கண்டார். இன்று நாம் வாங்கும் கண்ணாடியும் அந்த வழியில் வந்ததே. ரசம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்திலும் ரசம் இல்லை. சாராயச் சத்துள்ள திரவமும் ஒரு காற்றுக் குமிழியும்தான்.

தங்கவயல்காரர்களுக்கு இந்தச் சொல் இன்னொரு வகையிலும் சொந்தம். ஆரம்ப காலத்தில் இங்கே பாறையை மில்லில் இடித்து, பாதரசம் பூசிய செம்புத் தகட்டின்மேல் ஓடவிட்டுத்தான் தங்கத்தைப் பிடித்தார்கள். ரசத்துக்குத் தப்பிய தங்கத்தைச் சயனைடு கரைத்து எடுத்தது. அந்த வேலையின் மிச்சம்தான் நம் கண்முன் நிற்கும் சைனைடு மேடுகள்.

இன்றைய கண்ணாடியின் வெள்ளிப் படலம் எவ்வளவு கனம் தெரியுமா? ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன்மேல் காப்புக்காக, சில வகைகளில் ஒரு செம்புப் படலம். அதற்கு மேல் பெயிண்ட். பின்பக்கம் பெயிண்ட் காக்கிறது. ஓரத்தில், வெட்டிய இடத்தில், அந்தக் காப்பு இல்லை. அங்கேதான் எதிரி நுழைகிறான்.

எதிரி மூன்று பேர். முதலில் ஈரம். அடுத்தது காரம்: புதுச் சிமெண்டில் இருப்பது. மூன்றாவது அமிலம். சிலிக்கான் பசையில் இரண்டு வகை உண்டு. ஒன்று காயும்போது காடிச் சத்தை வெளிவிடும். அந்த வாசனை வந்தாலே அது கண்ணாடியின் முதுகுக்கு ஆகாது என்று அறியலாம். மற்றது ‘நியூட்ரல்’ என்று குழாயில் அச்சிட்டு வருவது. விலை சற்று அதிகம். வாங்க வேண்டியது அதைத்தான். டைல்சில் ஒட்டிய சிமெண்டைப் போக்க ஊற்றும் ஆசிட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இடுக்கில் இறங்கினால் வெள்ளியைத் தேடிப் போய்த் தின்னும்.

பசையை முழுக்க அப்பினால் பிடிப்பு அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சிலிக்கான் காய்வதற்குக் காற்றிலுள்ள ஈரப்பசை வேண்டும். நடுவில் அடைபட்ட பசைக்குக் காற்றே போகாது. அதனால்தான் மாதக்கணக்கில் பிசுபிசுத்தது.

மூலையிலிருந்து அல்ல

இரண்டாம் ஞாயிறு கொத்தனார் ஒரு காரியம் சொன்னார். அந்தச் சுவரின் டைல்ஸ் முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்றார். பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகன் அனுப்பிய பணம் கரைகிறதே என்ற கவலை. கொத்தனார் சுவரைக் காட்டினார். முதல் ஆள் வழக்கம்போல் மூலையிலிருந்து டைல்ஸ் பதித்துக்கொண்டு வந்து, கண்ணாடி வரும் இடத்தில் கிடைத்தபடி வெட்டி ஒட்டியிருந்தார். கண்ணாடியின் ஒரு பக்கம் முழு டைல்ஸ். மறுபக்கம் இரண்டு விரல் அகலத் துண்டு.

“கண்ணாடி நடுவுல வரணும்னா, கண்ணாடியிலிருந்து ஆரம்பிச்சு மூலைக்குப் போகணும். வெட்டுத் துண்டு மூலைக்குப் போயிடும். யாரும் பார்க்க மாட்டாங்க.”

இந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது.

டைல்ஸ் ஒன்றுக்கு அகலம் 300 மில்லி மீட்டர், உயரம் 450. நிற்கவைத்து மூன்று டைல்ஸ் அகலம், இரண்டு டைல்ஸ் உயரம் கொண்ட இடத்தைக் கண்ணாடிக்கு ஒதுக்கினார். இடைக்கோடுகள் இரண்டு மில்லி வீதம் சேர்த்தால் 908க்கு 906. ஆறு அடிச் சுவரில் இது போக இரு பக்கமும் ஒன்றரை டைல்ஸ் வீதம் சரியாக வந்தது. இடைக்கோடுகளும் கண்ணாடியின் ஓரமும் ஒரே கோட்டில் ஓடும். பழைய நிற டைல்ஸ் கடையில் கிடைக்கவில்லை. அந்த ஒரு சுவருக்கு மட்டும் வெறும் வெள்ளை என்று முடிவாயிற்று.

எவ்வளவு உயரத்தில் என்பதற்கு டேப் எடுக்கவில்லை. “ஆயா, இங்க வந்து நில்லுங்க” என்று அந்த அம்மாளைக் கூப்பிட்டார். முதலில் அவர் வர மறுத்தார். “எனக்கு எதுக்கு தம்பி, அந்தப் பழைய கண்ணாடியே போதும்” என்றார். பெரியவர் ஒன்றும் பேசாமல் போய் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். நின்ற இடத்தில் கண் மட்டத்துக்குச் சுவரில் பென்சில் கோடு விழுந்தது. அடுத்து, மகனின் உயரம் கேட்டு இன்னொரு கோடு. இரண்டும் தாராளமாக அடங்கும்படி, கீழ் விளிம்பு வாஷ்பேசினுக்கு மேல் ஒரு சாண் தள்ளி அமைந்தது.

ஆழத்தில்தான் கணக்கு

மட்டமாகப் பதிப்பது என்றால் எல்லாரும் அகல நீளத்தைப் பார்க்கிறார்கள். ஆழத்தைப் பார்ப்பதில்லை. டைல்ஸ் கனம் 8 மில்லி. அதன் பின்னால் சிமெண்டுக் கலவை 12 மில்லி. ஆக, பூச்சுச் சுவரிலிருந்து டைல்சின் முகம் 20 மில்லி வெளியே நிற்கிறது. கண்ணாடி 5 மில்லி, பசை 3 மில்லி, மொத்தம் 8. பாக்கி 12 மில்லிப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். பிளைவுட் வைத்து நிரப்புவது சுலபம். ஆனால் குளியல் அறையில் அது ஊறிப் பருத்துக் கண்ணாடியைத் தள்ளும். 8 மில்லி சிமெண்டுப் பலகையை 4 மில்லி டைல்ஸ் பசையில் ஒட்டினால் 12 சரியாகிவிட்டது. பலகைக்குப் பின்னால் சுவரில் தண்ணீர் புகாத பூச்சு இரண்டு கை அடித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் வாளி வைக்கும் இடம் என்பதால் அது அவசியமாயிற்று. ஷவருக்கு நேர் கீழே உள்ள சுவராக இருந்திருந்தால் இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லியிருப்பாராம்.

திறந்த இடத்துக்கு மேல் வரிசை டைல்ஸ் கீழே இறங்காமல் நிற்க முட்டுக் கொடுக்க வேண்டும். இங்கேதான் பெரியவர் எழுந்தார். பூமிக்கு அடியில் பாறையைத் தாங்கிய கை. இரண்டு ரீப்பரை அறுத்து, நான்கு மூலையும் மூலைமட்டத்துக்கு நிற்கும்படி ஒரு சட்டம் செய்தார். நான்கு பக்கமும் மெல்லிய ஆப்புச் செருகி அதை அந்த இடத்தில் இறுக்கினார். டைல்ஸ் காய்ந்த பிறகு ஆப்பை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தால் சட்டம் தானாகக் கழன்று வரும். “அடிச்சு எடுக்கக் கூடாது தம்பி, கேட்டுக்கிட்டு எடுக்கணும்” என்றார். கொத்தனார் சிரித்தார். ஆனால் சட்டத்தை எடுத்தபோது ஒரு டைல்ஸ்கூட அசையவில்லை. இப்போது அந்தச் சட்டம் கொத்தனாரிடம் இருக்கிறது.

நாலாவது ஞாயிறு டைல்ஸ் இடைக்கோடுகளை அடைத்து, ஆசிட் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியாயிற்று. அதன் பிறகுதான் அளவு. அகலத்தை மேலே, நடுவில், கீழே மூன்று இடத்தில் அளந்தார்: 908, 907, 906. உயரம் 906, 905, 905. மூலைக்கு மூலை குறுக்காகவும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் குறைந்த அளவை எடுத்து, பக்கத்துக்கு 3 மில்லி வீதம் கழித்து, 900க்கு 899 என்று சீட்டு எழுதினார். அங்குலக் கணக்கு வேண்டாம், மில்லிக் கணக்கில் கொடுங்கள் என்பது அவர் யோசனை. விளிம்பு பாலிஷ் செய்து, பின்பக்கம் பாதுகாப்புத் தாள் ஒட்டியதாக வாங்கச் சொன்னார். உடைந்தாலும் சில்லுகள் மேலே விழாது. எடை சுமார் 10 கிலோ. ஒரு சதுர மீட்டர் கண்ணாடிக்கு, ஒவ்வொரு மில்லிக் கனத்துக்கும் இரண்டரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால் கணக்கு வரும்.

சுவரை எடுத்த பிறகு கண்ணாடி. கண்ணாடியை எடுத்த பிறகு சுவர் அல்ல. முதல் வேலையில் இதுவும் தலைகீழாகத்தான் நடந்திருந்தது.

மூன்று மில்லி இடைவெளி

அந்த 3 மில்லியைப் பற்றிப் பெரியவருக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்கு வந்தது. சிமெண்டு வைத்து அடைத்தால் என்ன? சுவரும் கண்ணாடியும் வெயில், குளிர், வெந்நீர் ஆவிக்கு ஒரே அளவில் நீளுவதில்லை, சுருங்குவதில்லை. வீட்டுச் சுவர் கொஞ்சம் உட்காரும். தண்டவாளத்தின் இணைப்புகளில் இடைவெளி விடுவது எதற்கு என்று எனக்குத் தெரியாமல் போகுமா? அதேதான் இது. இறுக்கினால் பலவீனமான இடம் விரிசல் விடும். கண்ணாடியில் பலவீனம் மூலை.

தங்கவயலில் பழைய ஆட்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. சுரங்கம் ஓடிய நாளில் ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே லைன் வீடுகள் ஆடும். ஏர் பிளாஸ்ட் என்று சொல்வார்கள். அடுக்கில் இருந்த பாத்திரம் உருளும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோ மீட்டருக்கும் மேல் ஆழம். இந்தப் பாறை வெடிப்புகளை ஆராய்ந்த ஊர் என்பதால்தான் 1988ல் தேசியப் பாறை இயக்கவியல் நிலையம் இங்கே தொடங்கப்பட்டது. ஆணியில் கயிறு கட்டித் தொங்கிய அந்த அம்மாளின் சின்னக் கண்ணாடி அத்தனை ஆட்டத்திலும் உடையவில்லை. தொங்கிய பொருள் ஆடிவிட்டு நின்றது.

கண்ணாடி ஐந்தாம் ஞாயிறே வந்துவிட்டது. கொத்தனார் ஒட்டவில்லை. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சிமெண்டுப் பலகையில் நான்கு ஓரமும் அடைத்து ஒட்டிவிட்டுப் போனார். மறு ஞாயிறு தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தது. “இன்னும் ஒரு வாரம்.” பெரியவர் முகம் சுளித்தார். இதுவே இரண்டு நாள் ஒப்பந்த வேலையாக இருந்தால் எந்தக் கொத்தனார் காத்திருப்பார், எந்த வீட்டுக்காரர் விடுவார்? ஏழாம் ஞாயிறு தாள் உலர்ந்திருந்தது.

ஒட்டும் வேலை அரை மணிகூட ஆகவில்லை. நியூட்ரல் பசையை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இட்டார், ஒரு சாணுக்கும் குறைந்த இடைவெளியில். குறுக்குக் கோடு இட்டால் உள்ளே வடியும் நீர் தங்கிவிடும். கீழே 3 மில்லிக் கனமுள்ள பிளாஸ்டிக் துண்டுகள் இரண்டை வைத்து, அதன்மேல் கண்ணாடியை நிறுத்தி, இருவர் பிடிக்க மெதுவாகச் சாய்த்து அழுத்தினார். ரசமட்டத்தைக் குறுக்கே வைத்து, டைல்சிலிருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியிலிருந்து டைல்சுக்கும் ஓட்டிப் பார்த்தார். மேல் மூலை ஒரு நகக்கனம் வெளியே நின்றது. உள்ளங்கையால் ஒரு அழுத்து. சரியாயிற்று. டைல்சிலிருந்து கண்ணாடிக்கு ஒட்டும் பட்டைகளைப் போட்டு, ஒரு முழு நாள் தொடக் கூடாது என்று சொல்லிப் போனார்.

மறுநாள் இரவு ரயிலிலிருந்து இறங்கி நேராக வந்து, நான்கு பக்க இடுக்கிலும் அதே பசையை நிரப்பி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் வழித்தார். மூன்று நாள் அங்கே யாரும் குளிக்கவில்லை.

துடைப்பதைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போனார். கோலார் மாவட்டத்துப் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். கண்ணாடியில் தெறித்துக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். குளித்ததும் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு போதும். சாம்பல் வேண்டாம், ஆசிட் வேண்டவே வேண்டாம்.

இது நடந்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிறது. மழைக்காலமும் ஒன்று கடந்துவிட்டது. போன வாரம் போய்க் கீழ் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பு இல்லை.

முதல் கண்ணாடியின் பெரிய துண்டை, கறை படாத அளவுக்குக் கடையில் வெட்டி, பெரியவர் சவரக் கண்ணாடியாக வைத்துக்கொண்டிருக்கிறார். வாசற்படி நிலையில் அந்த உள்ளங்கை அகலக் கண்ணாடியும் அப்படியே தொங்குகிறது. அதை எடுக்கலாமே என்று கேட்டேன். “அது வாசலுக்கு, இது உள்ளுக்கு” என்றார் அந்த அம்மாள். பொட்டு இன்னும் அதில் பார்த்துத்தான் வைக்கிறார்.